கேமரா யாருக்கு, கைப்பிடி யாருக்கு?

பி.காம் படிக்கிறவனுக்கு முதியோர், தொழில்நுட்பம் எல்லாம் எதற்கு என்று கேட்காதீர்கள். இந்த விஷயத்துக்குள் நான் நுழைந்ததே காமர்ஸ் வாசல் வழியாகத்தான்.

மார்க்கெட்டிங் பாடத்தில் ஆரம்பத்திலேயே ஒன்று சொல்லித் தருவார்கள். காசு கொடுத்து வாங்குகிறவர் வேறு, பொருளைப் பயன்படுத்துகிறவர் வேறு. குழந்தைகளுக்கான சத்துமாவு விளம்பரத்தைப் பாருங்கள். அது குழந்தையிடம் பேசாது, அம்மாவிடம்தான் பேசும். ஏனென்றால் பர்ஸ் அம்மாவிடம் இருக்கிறது.

தனியாக வாழும் வயதானவர்களுக்கு என்று இன்று சந்தையில் விற்கும் பொருள்களையும் இதே கண்ணோடு பாருங்கள். வீட்டுக்குள் மாட்டும் கேமரா, கதவு திறந்தால் செல்போனுக்குச் சேதி அனுப்பும் சென்சார், கழுத்தில் தொங்கும் அவசர பட்டன், இதயத்துடிப்பு எண்ணும் கைக்கடிகாரம். வாங்குகிறவர் யார்? பெங்களூரிலோ பஹ்ரைனிலோ இருக்கும் மகன் அல்லது மகள். பயன்படுத்த வேண்டியவர் யார்? கும்பகோணத்திலோ காரைக்குடியிலோ இருக்கும் அம்மா. விளம்பரம் யாரிடம் பேசும் என்று சொல்லவே வேண்டாம். "நீங்கள் நிம்மதியாக இருக்கலாம்" என்பதுதான் அதன் சாரம். "நீங்கள்" என்பது மகன்.

மகனுக்கு நிம்மதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மகனின் நிம்மதி ஒரு பொருள், அம்மாவின் சுதந்திரம் வேறொரு பொருள். முதலாவதை வாங்கிவிட்டு இரண்டாவதையும் வாங்கிவிட்டதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

இது எத்தனை பேரின் பிரச்சினை?

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்கள் 10 கோடியே 38 லட்சம் பேர். மொத்த மக்களில் இது 8.6 சதவீதம். தமிழ்நாட்டில் 10.4 சதவீதம். மாநிலங்களில் கேரளாவுக்கும் கோவாவுக்கும் அடுத்த இடம் நமக்குத்தான். 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய்விட்டது. அடுத்த கணக்கு வரும்போது இந்த விகிதம் ஏறித்தான் இருக்கும். நம் தாத்தா பாட்டிக்கு ஐந்து பிள்ளை, ஆறு பிள்ளை. நம் அப்பா அம்மாவுக்கு ஒன்று அல்லது இரண்டு. அந்த ஒன்றும் படித்து முடித்ததும் சென்னைக்கோ துபாய்க்கோ போய்விடும். என் வகுப்பில் வேலை கிடைத்தால் சொந்த ஊரிலேயே இருப்பேன் என்று சொல்கிறவர்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். ஆகவே இது தாத்தா பாட்டி பிரச்சினை மட்டும் இல்லை. இன்னும் இருபது வருஷத்தில் நம் அப்பா அம்மாவின் பிரச்சினை.

தனித்து வாழ்வது என்றால் என்ன?

இதற்கு ஒரு நல்ல அளவுகோல் ஏற்கெனவே இருக்கிறது. 1963-இல் சிட்னி காட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் ஒரு பட்டியல் போட்டார்கள். ஒருவர் பிறர் உதவி இல்லாமல் வாழ்கிறாரா என்று பார்க்க ஆறே கேள்விகள். தானே குளிக்கிறாரா? உடுத்துகிறாரா? கழிப்பறைக்குப் போய் வருகிறாரா? படுக்கையிலிருந்து எழுகிறாரா? சிறுநீர், மலத்தை அடக்க முடிகிறதா? தானே சாப்பிடுகிறாரா? 1969-இல் லாட்டன், பிராடி என்ற இருவர் இன்னும் எட்டு சேர்த்தார்கள். போன் பேசுவது, கடைக்குப் போவது, சமைப்பது, வீட்டைப் பராமரிப்பது, துணி துவைப்பது, வெளியே போய்வருவது, மருந்தைச் சரியாகச் சாப்பிடுவது, பணத்தை நிர்வகிப்பது. இன்றைக்கும் உலகம் முழுக்க முதியோர் மருத்துவத்தில் இந்த இரண்டு பட்டியலும் புழக்கத்தில் இருக்கின்றன.

மொத்தம் பதினான்கு வேலைகள். இப்போது ஒரு பொருளைக் கையில் எடுங்கள். இந்தப் பதினான்கில் எதை அது அந்த வயதானவருக்குத் திருப்பிக் கொடுக்கிறது என்று கேளுங்கள்.

கேமரா? ஒன்றையும் இல்லை. குளிக்க உதவாது, எழ உதவாது, சமைக்க உதவாது. அவர் இவற்றையெல்லாம் செய்வதை வேறொருவர் பார்க்க உதவும், அவ்வளவுதான்.

குளியலறைச் சுவரில் ஒரு எவர்சில்வர் கைப்பிடி? குளிப்பது, கழிப்பறைக்குப் போவது, உட்கார்ந்து எழுவது. மூன்றைத் திருப்பிக் கொடுக்கிறது. அதற்கு வைஃபை வேண்டாம், சார்ஜ் போட வேண்டாம், மாதச் சந்தா இல்லை. ஒருவேளை அதனால்தான் அதற்கு விளம்பரமும் இல்லையோ என்னவோ!

முதலில் குளியலறை

தவறி விழுவதால் உலகில் ஆண்டுக்கு சுமார் 6,84,000 பேர் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. அதில் 60 வயதைத் தாண்டியவர்களே மிக அதிகம். உயிர் பிழைத்தாலும் இடுப்பெலும்பு முறிந்தால் பலர் பழையபடி நடமாடுவதே இல்லை. நேற்று வரை தனியாக இருந்தவர் அன்றோடு யார் வீட்டிலாவது கட்டிலோடு சேர்ந்துவிடுகிறார். தனித்த வாழ்க்கையை முடித்து வைப்பது பெரும்பாலும் ஒரு ஈரத் தரைதான்.

இதைத் தடுக்க முடியுமா? 2023-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, வீட்டில் இருக்கும் ஆபத்துகளைச் சரிசெய்தால் விழும் தடவைகள் சராசரியாக 26 சதவீதம் குறைகின்றன என்று சொல்கிறது. ஏற்கெனவே விழுந்தவர்கள், நடக்கத் தடுமாறுகிறவர்கள் மாதிரி ஆபத்து அதிகம் உள்ளவர்களிடம் 38 சதவீதம். ஆபத்துகளைச் சரிசெய்வது என்றால் பெரிய ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. கைப்பிடி, வழுக்காத தரை, படிக்கட்டில் பிடிமானம், நல்ல வெளிச்சம், காலில் சிக்கும் பொருள்களை அப்புறப்படுத்துவது. இவ்வளவுதான்.

நம் ஊர் வீடுகளுக்கு ஏற்றபடி நானும் கொஞ்சம் சேர்க்கிறேன்.

1. உட்கார்ந்து எழும் பழைய மாதிரி கழிப்பறையின் இடத்தில் வெஸ்டர்ன் டாய்லெட். முழங்கால் வலிக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய விடுதலை இல்லை.

2. பல வீடுகளில் கழிப்பறை கொல்லைப்புறத்தில் இருக்கும். ராத்திரியில் அங்கே போகும் வழியில், ஆள் நடந்தால் தானே எரியும் எல்இடி விளக்கு. சில நூறு ரூபாயில் கிடைக்கிறது.

3. உள்ளே ஆள் விழுந்துவிட்டால் வெளியிலிருந்து திறக்க முடிகிற தாழ்ப்பாள்.

4. திருகும் குழாய்க்குப் பதில், லேசாகத் தள்ளினால் திறக்கும் நெம்புகோல் குழாய். விரல் மூட்டு வீங்கியவர்களைக் கேளுங்கள், இதன் அருமை சொல்வார்கள்.

5. சமையலறையில் இன்டக்ஷன் அடுப்பு. பாத்திரத்தை எடுத்தால் தானே நின்றுவிடும், நேரமும் வைக்கலாம். கேஸை மூடினோமா என்று கோயிலிலிருந்து பாதியில் ஓடி வர வேண்டாம்.

மோட்டார் விஷயம்

எங்கள் அப்பாயி (அப்பாவின் அம்மா) பட்டுக்கோட்டை பக்கம் ஒரு சின்ன ஊரில் தனியாக இருக்கிறார். வயது 78. அவர் வீட்டில் இதுவரை வந்த தொழில்நுட்பங்களிலேயே அவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புகழ்வது எதை என்று நினைக்கிறீர்கள்? தண்ணீர் மோட்டாருக்கு மாட்டிய ஆட்டோமேட்டிக் கன்ட்ரோலரை!

முன்பெல்லாம் மோட்டாரைப் போட்டுவிட்டு, தொட்டி நிறைந்ததா என்று பார்க்க மொட்டை மாடிக்கு ஏறுவார். பக்கச் சுவர் இல்லாத படி. மழைக்காலத்தில் பாசி வேறு. இப்போது தண்ணீர் குறைந்தால் மோட்டார் தானே ஓடுகிறது, நிறைந்தால் தானே நிற்கிறது. அவர் ஏறுவதே இல்லை. இந்தக் கருவியை யாரும் "முதியோர் தொழில்நுட்பம்" என்று விற்பதில்லை. எலக்ட்ரிக் கடையில் ஒரு மூலையில் கிடக்கிறது. ஆனால் எனக்குத் தெரிந்து ஒரு வயதானவரை ஆபத்திலிருந்து காப்பாற்றி, அவர் வேலையையும் அவரிடமே விட்டு வைத்த கருவி அதுதான்.

அதே வீட்டில் கேமராவும் உண்டு. வெளிநாட்டில் இருக்கும் சித்தப்பா பாசத்தோடு வாங்கி ஹாலில் மாட்டச் சொன்னார். முதல் வாரம் எல்லோருக்கும் சந்தோஷம். அதன் பிறகு போன் வர ஆரம்பித்தது. "ஏம்மா இன்னும் சாப்பிடல?" "யாரும்மா அது வந்துட்டுப் போனது?" "இவ்வளவு நேரம் திண்ணையில என்ன பண்ணினே?" அப்பாயி மதியம் ஹாலில் ஃபேனுக்கு அடியில் வெறுந்தரையில் புடவைத் தலைப்பை விரித்துப் படுப்பார். அது நின்றுபோனது. காற்றே வராத பின்கட்டில் போய்ப் படுக்கிறார். ஏன் என்று கேட்டதற்கு, "புள்ளை பாக்குறான்னா சரி, அவன் வீட்டுல யார் யாரெல்லாம் பாக்குறாங்களோ. எங்க வீட்டுலயே நான் விருந்தாளி மாதிரி ஒடுங்கி உக்கார வேண்டியிருக்கு" என்றார்.

கவனியுங்கள். பாதுகாப்புக்காக வைத்த கருவி, அவரைக் கருவியின் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குத் தள்ளிவிட்டது. அங்கே விழுந்தால் கேமராவுக்கும் தெரியாது. இது தொழில்நுட்பத்தின் கோளாறு இல்லை. வாங்கும்போது அவரிடம் ஒரு வார்த்தை கேட்காததன் கோளாறு.

கோலமும் கெட்டிலும்

பார்க்காமலே ஒருவர் நலமாக இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள முடியாதா? முடியும். ஜப்பானில் ஸோஜிருஷி என்ற கம்பெனி 2001-இல் ஒரு சேவையை ஆரம்பித்தது. ஐ-பாட் என்று ஒரு வெந்நீர்க் கெட்டில். பாட்டி டீ போட அதைப் பயன்படுத்தினால், பயன்படுத்திய நேரம் தொலைவில் இருக்கும் பிள்ளைக்கு மின்னஞ்சலில் போய்விடும். படம் இல்லை, குரல் இல்லை. அம்மா காலையில் டீ குடித்தார், அவ்வளவுதான் சேதி. ஒருநாள் கெட்டில் தொடப்படவே இல்லை என்றால் பிள்ளை போன் போட்டு விசாரிப்பான்.

எனக்கு இதைப் படித்தபோது நம் ஊர்க் கோலம்தான் ஞாபகம் வந்தது. காலை ஏழு மணி ஆகியும் வாசல் தெளிக்கவில்லை, பால் பாக்கெட் அப்படியே கிடக்கிறது என்றால் எதிர்வீட்டு அத்தை வந்து கதவைத் தட்டுவார். அவர் அப்பாயியை வேவு பார்க்கவில்லை. வழக்கமாக நடப்பது நடக்கவில்லை என்பதை மட்டும் கவனித்தார். நல்ல கண்காணிப்புக் கருவி என்றால் இந்தக் கோலம் மாதிரி இருக்க வேண்டும். வாழ்கிறவர் தன் பாட்டுக்குத் தன் வேலையைச் செய்வார். அந்த வேலை நின்றால் மட்டும் சேதி போகும்.

பட்டனை அழுத்தினால் யார் வருவார்?

கழுத்தில் தொங்கும் அவசர பட்டன் புதுசு இல்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 1970-களிலேயே வந்துவிட்டது. நல்ல பொருள்தான். ஆனால் 2008-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஒரு கேம்பிரிட்ஜ் ஆய்வு யோசிக்க வைக்கிறது. 90 வயதைத் தாண்டியவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். விழுந்து, எழ முடியாமல் வெகுநேரம் தரையிலேயே கிடந்தவர்கள் பலரிடம் அவசர அழைப்பு வசதி இருந்தது. ஆனாலும் பெரும்பாலான நேரங்களில் அது பயன்படுத்தப்படவே இல்லை. சிலருக்குக் கைக்கு எட்டவில்லை. சிலருக்கு யாரையும் தொந்தரவு செய்ய மனமில்லை. "எதுக்குப் பாவம் அவங்களைக் கூப்பிட்டுக்கிட்டு, நானே எழுந்துடுவேன்" என்பது தஞ்சாவூர் பாட்டிகளின் வசனம் மட்டும் இல்லை போலிருக்கிறது.

2018-இல் வந்த ஆப்பிள் வாட்ச் நான்காவது மாடல், விழுந்ததைத் தானே கண்டுபிடித்து அழைக்கும். பாராட்ட வேண்டிய முன்னேற்றம். ஆனால் அழைத்த பிறகு? துபாயில் இருக்கும் மகனின் போன் அலறும். அவர் என்ன செய்வார்? தமிழ்நாட்டில் 2008-லிருந்து 108 ஆம்புலன்ஸ் இருக்கிறது. அதுவும் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். கதவு உள்பக்கம் தாழிட்டிருக்கிறதே!

கருவி என்பது சங்கிலியின் முதல் கண்ணி மட்டும்தான். கேட்கிறவர், ஓடி வருகிறவர், சாவி வைத்திருக்கிறவர் என்று மீதிக் கண்ணிகள் எல்லாம் மனிதர்கள். இங்கிலாந்து அரசு கார்ன்வால், கென்ட், நியூஹாம் ஆகிய மூன்று இடங்களில் சென்சார், அலாரம் எல்லாம் கொடுத்து ஒரு பெரிய பரிசோதனை நடத்தியது. சுமார் 2,600 பேரைப் பன்னிரண்டு மாதம் கவனித்தார்கள். 2013-இல் வெளியான முடிவு: கருவி பெற்றவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்வது, கருவி பெறாதவர்களோடு ஒப்பிட்டால் குறிப்பிடும்படி குறையவில்லை. கருவிகள் வீண் என்று இதற்கு அர்த்தம் இல்லை. கருவியை மட்டும் கொடுத்தால் கணக்கு நேராகாது என்று அர்த்தம்.

இன்னொன்றும் உண்டு. கருவிக்கு மின்சாரம் வேண்டும், நெட்வொர்க் வேண்டும். இங்கிலாந்தில் பழைய டெலிபோன் லைன்களை டிஜிட்டலுக்கு மாற்றும்போது சிலரின் அவசர அலாரங்கள் வேலை செய்யாமல் போய், விபரீதங்கள் நடந்தன. அதனால் 2023 டிசம்பரில் கட்டாய மாற்றத்தை நிறுத்தி வைக்கச் செய்தார்கள். 2025 இறுதிக்குள் முடிக்க வேண்டிய வேலையை 2027 ஜனவரி வரை தள்ளினார்கள். அங்கேயே அப்படி. எங்கள் பக்கம் 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது கரண்டும் இல்லை, டவரும் இல்லை. கரண்ட் வரப் பல கிராமங்களில் வாரக்கணக்கில் ஆனது. அப்பாயி எப்படி இருக்கிறார் என்று எங்களுக்குச் சேதி கொண்டு வந்தது எதிர்வீட்டு அத்தையின் மகன். டூவீலரில் விழுந்த மரங்களைச் சுற்றிக்கொண்டு வந்து சொன்னான்.

இதனால்தான் எனக்கு மிகவும் பிடித்த முதியோர் கருவி, கடையில் கிடைக்கும் வயர்லெஸ் காலிங் பெல். வாசலில் மாட்ட வேண்டிய பட்டனைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து, பெல்லை எதிர்வீட்டில் மாட்டிவிட்டோம். பாட்டரியில் ஓடும் மாதிரியாகப் பார்த்து வாங்கினோம். அழுத்தினால் ஒரு தெருவைத் தாண்டி ஆள் வருவார். அவரிடம் ஒரு சாவியும் இருக்கிறது. சங்கிலியின் எல்லாக் கண்ணியும் இருக்கிறதா?

எதிர்வாதம்

"கேமராவே கூடாது என்கிறாயா?" என்று சிலர் கேட்கலாம். இல்லை. மறதி நோய் முற்றியவர்கள், தனியே வெளியே போய் வழி தெரியாமல் திரும்ப முடியாதவர்கள் விஷயத்தில் கண்காணிப்பு உயிரைக் காக்கும். வாசலைப் பார்க்கும் கேமரா திருட்டுப் பயத்தைக் குறைக்கும், அதை அப்பாயியே ஒப்புக்கொள்கிறார். நான் சொல்வது வரிசையைப் பற்றி. முதலில் கைப்பிடி, பிறகு பெல், பிறகு அவர் சம்மதித்தால் கேமரா. நாம் தலைகீழாகச் செய்கிறோம். கேமரா மாட்டிய எத்தனையோ வீடுகளில் குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி கிடையாது.

இணையத்தில் வருவதெல்லாம் வயதானவர்களுக்கு ஆகாது என்பதும் என் கட்சி இல்லை. பென்ஷன்காரர்கள் வருஷா வருஷம் "நான் உயிரோடு இருக்கிறேன்" என்று நிரூபிக்க அலுவலக வாசலில் நிற்க வேண்டியிருந்தது. 2014-இல் ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் சான்றிதழ் வந்தது. 2021-இல் முகத்தைக் காட்டியே பதிவு செய்யும் வசதியும் சேர்ந்தது. வீட்டில் உட்கார்ந்தபடி செல்போனில் முடிந்துவிடுகிறது. 2017-இல் கூகுள் தமிழில் பேசினால் புரிந்துகொள்ள ஆரம்பித்ததும் அப்படித்தான். டைப் அடிக்கத் தெரியாத அப்பாயி இன்று போனிடம் பேசியே பிரதோஷம் என்றைக்கு என்று தெரிந்துகொள்கிறார். இவை இரண்டும் நம் பதினான்கு வேலைப் பரீட்சையில் பாஸ். பணம், போன் என்று ஆளுக்கொரு வேலையைத் திருப்பிக் கொடுத்திருக்கின்றன.

காசு இல்லாதவர்கள்?

இதுவரை பேசியதெல்லாம் வெளிநாட்டில் மகன் உள்ள வீடு. தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023-இல்தான் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாய் ஆனது. அதை வைத்து வாழ்கிறவர் கைப்பிடிகூட எப்படி வாங்குவார்? மத்திய அரசின் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டம் 2017-லிருந்து ஏழை முதியவர்களுக்குக் கைத்தடி, காது கேட்கும் கருவி, மூக்குக்கண்ணாடி, பல்செட் தருகிறது. தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் 2021-லிருந்து பிபி, சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறது, பிசியோதெரபியும் தருகிறது. இரண்டும் நல்ல திட்டங்கள். ஆனால் முதல் திட்டம் ஆளுக்குக் கருவி தருகிறது, இரண்டாவது ஆளுக்கு மருந்து தருகிறது. வீட்டைச் சரிசெய்கிறவர் யாரும் இல்லை.

என் யோசனை எளிமையானது. மாத்திரை கொடுக்க வீட்டுக்குள் போகும் அந்த ஊழியரே குளியலறையையும் படியையும் ஒரு பார்வை பார்த்துக் குறித்துக்கொண்டு வரட்டும். ஊராட்சி ஒரு கொத்தனாரை அனுப்பி இரண்டு கைப்பிடியும் ஒரு விளக்கும் மாட்டட்டும். ஒரு இடுப்பெலும்பு ஆபரேஷனுக்கு ஆகும் செலவில் ஒரு தெருவுக்கே கைப்பிடி மாட்டிவிடலாம். பேலன்ஸ் ஷீட் எழுதப் பழகுகிறவன் சொல்கிறேன், இதைவிட லாபமான முதலீடு அரசுக்குக் கிடைக்காது.

கடைசியாக ஒன்று. தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஊருக்குப் போகும்போது, அமேசானில் எதையாவது ஆர்டர் போடுவதற்கு முன், அந்த வீட்டில் ஒரு நாள் முழுக்கத் தாத்தா பாட்டியின் பின்னாலேயே நடந்து பாருங்கள். எங்கே சுவரைப் பிடிக்கிறார்கள், எங்கே மூச்சு வாங்கி நிற்கிறார்கள், எதை எடுக்க ஸ்டூல் போட்டு ஏறுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அவர்களிடமே கேளுங்கள், "உனக்கு எது கஷ்டமா இருக்கு?" என்று. ஷாப்பிங் லிஸ்ட் தானாக வந்துவிடும். அதில் கேமரா எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று எனக்கும் வந்து சொல்லுங்கள்.